வண்டிமேல் போட்ட பழி

நவம்பர் 6, 1911. திங்கள்.
விடிந்ததிலிருந்து தூறல். பள்ளிக்கு வந்தது இருபத்திரண்டு பிள்ளைகள். வாங்க வேண்டியவை: சுண்ணக்கட்டி, மண்ணெண்ணெய், திரி.

குட்டிநாய் சீனி வந்து பதினெட்டு நாள். ஆள்மேல் தாவக் கூடாது, படுக்கையில் ஏறக் கூடாது, அடுக்களைக்குள் வரக் கூடாது. ஒன்றும் படியவில்லை. நாற்பது பெண்பிள்ளைகளை அடக்கத் தெரிந்த வாத்திச்சி நான்! தண்ணீர் எடுத்துத் தரும் முத்தம்மாளுக்குச் சிரிப்பு. "பச்சப்பிள்ளல்லா அது. பைய படிக்கும்மா."

நவம்பர் 7. செவ்வாய்.
பள்ளி விட்டதும் பாதிரியார் வந்தார். சீனி சேற்றுக் காலோடு அவர் வெள்ளை அங்கிமேல் தாவியது. "குட்டிதானம்மா, விடுங்க" என்று சிரித்தார். எனக்குத்தான் முகம் எரிந்தது. அவர் தலை மறைந்ததும் பிரம்பை எடுத்தேன். ஓர் அடி போதாதா? ஆறோ ஏழோ. கடைசி அடி முன்னங்காலில். அது கத்திய கத்தல்.

எழுதவே கூசுகிறது.

நவம்பர் 8. புதன்.
காலைத் தூக்கிக்கொண்டே நடக்கிறது. நான் கிட்டே போனால் நின்ற இடத்திலேயே மூத்திரம். "காலுல என்னம்மா?" என்றாள் முத்தம்மாள். "நேத்து வண்டி ஏறிட்டு." யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. பள்ளியிலும் அதையே சொன்னேன். பிள்ளைகள் சீனிக்காக ஜெபித்தார்கள். நானும் ஆமென் சொன்னேன்.

நவம்பர் 10. வெள்ளி.
வெயில். முத்தம்மாள் காலுக்கு மஞ்சள் பத்துப் போட்டாள். பிறகு ஒரு சோற்று உருண்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு சும்மா இருந்தாள். சீனி முட்டியது, நக்கியது, குரைத்தது. கை திறக்கவில்லை. அலுத்துப்போய் உட்கார்ந்தது. உடனே திறந்தாள். நாலாவது உருண்டைக்குத் தானாகவே உட்கார்ந்தது. பிரம்பு இல்லை, அதட்டல் இல்லை.

நான் கை நீட்டினேன். அவள் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

நவம்பர் 11. சனி.
செவ்வாயன்று எங்கள் தெருவுக்கு வந்த வண்டி ஒன்றுதானாம். சுடலைமுத்து அண்ணாச்சியின் வண்டி. பள்ளிப் பிள்ளைகள் சொல்லக் கேட்டு, நேற்று பாதிரியார் அவரை வழியில் நிறுத்திக் கண்டித்திருக்கிறார். இன்று தலைத்துண்டைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார். ஓலைப்பெட்டியில் கருப்பட்டி.

"தெரியாம நடந்துட்டும்மா. மாடு மிதிச்சுதோ சக்கரம் ஏறுச்சோ, நான் பாக்கல. மனசுல வச்சுக்கிடாதிய."

வாங்கிக்கொண்டேன். கை நீட்டி வாங்கிக்கொண்டேனே!

நவம்பர் 12. ஞாயிறு.
கோவிலில் ஆராதனைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். அதுவும் பொய்.

நவம்பர் 13. திங்கள்.
காலையிலேயே கருப்பட்டிப் பெட்டியை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்கு. தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, உங்க வண்டி ஏறல. நான்தான் பிரம்பால அடிச்சேன். பொய் சொல்லிட்டேன்."

கோபப்படுவார் என்றிருந்தேன். பட்டிருக்கலாம். கையைத் துடைத்துக்கொண்டு மாட்டுப் பக்கம் போனார்.

"அப்படியா வாத்திச்சியம்மா. பாதிரி ஐயா ஏசுன கோவத்துல வலத்து மாட்டப் போட்டு அடிச்சிட்டேன். ஒருநாளும் அத நான் அடிச்சதில்ல."

மாட்டின் விலாவில் வரி வரியாகத் தடிப்பு. அதைத் தடவிக்கொடுத்தார். என் பக்கம் திரும்பவேயில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

பாதிரியாரிடம் இன்னும் சொல்லவில்லை. பள்ளி மணிக்கு அரை மணி நேரம் இருக்கிறது. இப்போதே போகிறேன்.