ஏழாம் நம்பர் மலையில் குரங்குகள் வளர்த்த காடு

கண்டி,
21 நவம்பர் 2024.

அன்பு மகள் யசோதினிக்கு,

மடுல்கெல்லயில் ஏழாம் நம்பர் மலையில் யூகலிப்டஸ் நடும் திட்டம் கைவிடப்பட்டுவிட்டது. தேயிலைத் தோட்டத்தை நடத்தும் துரையே நேற்றுக் காலை லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்களைக் கூட்டிச் சொன்னார். வனத்துறை அதிகாரியும் பக்கத்தில் நின்றார். இருவரிடமும் தனித்தனியே கேட்டு உறுதி செய்த பிறகே எழுதுகிறேன். நீ வென்றுவிட்டாய், மகளே.

அம்மா நலம். முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. செய்தியைச் சொன்னதும் வலியை மறந்து பக்கத்து வீடு வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

தேயிலை அழிந்து மானாப்புல் மண்டிய அந்த மலையில் யாரும் நட வேண்டாம், மேல்காட்டுக் குரங்குகளே விதை கொண்டுவரும் என்று நீ சொன்னபோது, உனக்குக் குரங்கு டீச்சர் என்று பேர் வைத்தவன் சின்னமுத்து. நேற்று துரைக்கும் அதிகாரிக்கும் எனக்கும் மலையில் வழிகாட்டி முன்னால் நடந்தவன் அவன்தான். நிழலுக்கு விட்ட பழைய சவுக்கு மரங்களில் வந்து உட்காரும் குரங்குகள், கன்னத்தில் அடக்கி வந்த பழத்தைத் தின்று கொட்டையைத் துப்புகின்றன. எச்சத்திலும் விதை விழுகிறது. சவுக்குகளின் அடியில் நாவலும் காட்டத்தியும் தலைக்கு மேல் நிற்கின்றன. அதிகாரி அண்ணாந்து பார்த்ததில் தொப்பி விழுந்துவிட்டது. என் போஞ்சிப் பாத்தியை அழிச்ச பயலுக இவ்வளவு வேலையும் செஞ்சிருக்கானுங்க, செக்ரோல்ல பேர் போட்டுச் சம்பளம் குடுங்க துரை என்றான் சின்னமுத்து. துரையே சிரித்துவிட்டார்.

யூகலிப்டஸ் வந்தால் ஊற்று வற்றி லயத்துக்குத் தண்ணீர் இல்லாமல் போகும் என்றுதானே பயந்தாய்? இந்த வருடம் மாசி வெயிலிலும் ஊற்றிலிருந்து வரும் பீலிக் குழாயில் தண்ணீர் விழுவது நிற்கவில்லை. அதற்கு மரங்கள்தான் காரணம் என்று சொல்ல இன்னும் ஆதாரம் போதாது என்கிறார் அதிகாரி. ஆகவே பத்திரிகைக்கு அனுப்பிய செய்தியில் நான் அப்படி எழுதவில்லை. லயத்து ஆட்களுக்கு அந்தத் தயக்கமெல்லாம் இல்லை.

இனி எழுதுவதை நிதானமாகப் படி. ஐந்து வருடங்களுக்கு முன், குரங்குகள் போட்ட விதையில் முளைத்த கன்றுகளை அதிகாரிகள் பார்க்க வந்த காலையில், முதல்நாள் வரை நின்றவற்றில் ஒன்றுகூட இல்லாமல் மலை மொட்டையாகக் கிடந்தது. லயத்து ஆட்கள் வேண்டுமென்றே பிடுங்கிவிட்டார்கள் என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் நீ மெல்பேர்னுக்குப் போனாய்.

நேற்று லயத்து வேலாயி அத்தை எல்லார் முன்னாலும் பேசினாள். பெரிய ஆளுங்க மலை பார்க்க வர்றாங்கன்னா புல்லு பூண்டு இல்லாம சுத்தமா வைக்கிறதுதானே நம்ம வழக்கம், நம்ம புள்ளைக்கு நல்ல பேரு வரட்டும்னுதான் நாங்க எல்லாரும் களை எடுக்கிற சுரண்டியோட இறங்கினோம், கன்னும் களையும் எங்களுக்கு ஒண்ணாத்தான் தெரிஞ்சிச்சு என்றாள். செய்த வேலை என்னவென்று நீ போன பிறகுதான் புரிந்ததாம். சொல்ல வெட்கம். கொரோனா, பிறகு நாட்டு நெருக்கடி என்று யூகலிப்டஸ் நடுகை தள்ளிப்போன காலமெல்லாம் அந்த மலையில் ஒருவரும் சுரண்டி வைக்கவில்லை. புல்லுக்குத் தீ வைக்க வந்தவர்களை இந்தப் பெண்களே விரட்டியிருக்கிறார்கள். குரங்குகள் முதலிலிருந்து ஆரம்பித்தன.

இன்னும் ஒன்று பாக்கி. மலையைக் காடாகவே விடும் ஒப்பந்தத்தில் இன்னும் கையொப்பம் விழவில்லை. எல்லையை நடந்து பார்த்த பிறகே விழும். தைப்பொங்கலுக்கு அடுத்த வாரம் என்று சொல்லியிருக்கிறார்கள். லயத்தின் சார்பில் யார் நடப்பது என்று அதிகாரி கேட்டார். வேலாயி அத்தை என் முகத்தைக்கூடப் பார்க்காமல் உன் பேரைச் சொன்னாள். அவரும் எழுதிக்கொண்டார். நான் மறுக்கவில்லை.

முருகன் துணையோடு நலமாக இரு. தை மாதம் மலை ஈரமாக இருக்கும், அட்டை ஏறும். நீண்ட காலுறை எடுத்து வா. அட்டை ஒட்டாமல் காலில் பூசிக்கொள்ளச் சவர்க்காரம் நான் வாங்கி வைக்கிறேன்.

உன் அப்பா,
சுந்தரலிங்கம்