காரணம் எழுதாத பக்கம்

நாள் 611. காலை 6:10

சிட்டு, உன் நோட்டில்தான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. எஞ்சின் அறையில் இருப்பவர் தினமும் எழுத வேண்டுமாம், தூரத்திலிருந்து கம்பி வழியாக எங்களை நடத்தும் மையத்தின் உத்தரவு. நான் ஐந்தாவதோடு நின்றவள். பிழை இருந்தால் படிப்பவர் தலையெழுத்து.

பின்னால் யாராவது இதை எடுத்துப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். இது சேலத்து வெள்ளைக்கல் சுரங்கம். உள்ளே நாற்பத்து மூன்று பேர். வெளியே தூசி. வெறும் தூசி இல்லை, மின்சாரம் ஏறிய தூசி. கணினிச் சில்லு வைத்த எந்த மெஷினையும் தின்றுவிடும். அதனால் எங்களுக்குக் காற்றைத் தள்ளுவது ஒரு பழைய லாரியிலிருந்து கழற்றிய ஆறு சிலிண்டர் எஞ்சின். குடிப்பது புங்க எண்ணெய். இது நின்றால் உள்ளே ஒன்றரை மணி நேரக் காற்றுதான்.

என் மகள் சிட்டு ஓட்டிய எஞ்சின். அவள் போய் ஒன்பது நாளாகிறது.

எண்ணெய் சரி. தண்ணீர் சரி. வேகம் கொடுக்காமல் ஐடிலில் விட்டால் உதறுகிறது. பக்கத்தில் வைத்த டம்ளர் நடந்துபோய்க் கீழே விழுந்தது.

நாள் 611. பகல் 11:40

மையத்துக்குச் சொன்னேன். அங்கே நிரஞ்சன் என்று ஒரு பொறியாளர். லாரியைப் படத்தில் பார்த்தவர். கம்பி வழியாக வந்த பதில்:

"இன்ஜெக்டர் அடைப்பு. கழற்றிச் சுத்தம் செய்யவும். அனுபவமுள்ள நபரை வைத்துச் செய்யவும்."

அனுபவமுள்ள நபராம். உன் அப்பன் லாரியில் பதினாறு வருடம் கிளீனராகப் போனவள் நான். நீ பிறந்ததே லோடு இறக்கப் போன ஊரில். பேசும் கருவியை எடுத்துச் சொன்னேன்:

"சார், இன்ஜெக்டர் கெட்டா கரும்பொகை வரும். இங்க நீலமா வருது. நீலம்னா ஆயில் வேகுதுன்னு அர்த்தம். வந்து மோந்து பாருங்க."

கம்பியைத் துண்டித்துவிட்டார். உன்னைப் பற்றி எழுதும்போது மட்டும் இந்த மனுஷனுக்கு நன்றாகக் கை ஓடியது. "முகமூடி முறையாக அணியப்படவில்லை. பணியாளரின் கவனக்குறைவு." வெளியே காற்று இழுக்கும் வலையில் அடைத்த தூசியைத் தட்டப் போனவள் நீ, திரும்பி வந்து வாசலில் விழுந்தாய். அவருக்கு அது இரண்டு வரி.

நாள் 612. காலை 8:25

ஓடும்போதே, சிலிண்டருக்கு எண்ணெய் கொண்டுபோகும் ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப்பின் நட்டையும் அரைச்சுற்று தளர்த்தினேன். ஒன்றாவது சிலிண்டரில் தளர்த்தினால் சத்தம் படுத்துக்கொள்கிறது. இரண்டு, ஐந்து, ஆறும் அப்படியே. மூன்றைத் தளர்த்தினேன், எந்த மாற்றமும் இல்லை. நான்கும் அதே கதை. இந்த இரண்டும் சும்மா மேலும் கீழும் போய் வருகின்றன, மையத்து ஆட்களைப் போல. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் பீடி குடிப்பவன் மாதிரி குபுகுபுவென்று புகை.

நிரஞ்சன்: "அடுத்தடுத்த சிலிண்டர் என்றால் ஹெட் கேஸ்கெட்டாகவும் இருக்கலாம்."

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் சொன்ன முதல் உருப்படியான பேச்சு. சிலிண்டர் மூடிக்கு அடியில் இருக்கும் அந்தத் தகடு போயிருக்கிறதா என்று எஞ்சினை நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

நாள் 612. பகல் 2:05

நிறுத்தினேன். எல்லோரையும் அசையாமல் உட்காரச் சொன்னேன். சுரங்கத்துக்குள் மற்றவர்களோடு இருக்கும் கோபண்ணன் உள்பேசியில்:

"அங்காயக்கா, இன்னும் எவ்வளவு நேரமாவும்? புள்ளைக மொகமெல்லாம் வாடுது."

"நீ பேச்சக் கொறச்சா அதுகளுக்குக் காத்து மிஞ்சும்."

சிலிண்டரின் அழுத்தம் காட்டும் கம்ப்ரஷன் கேஜை வைத்து எஞ்சினைச் சுற்றினேன். ஒன்று 26. இரண்டு 25. மூன்று 17. நான்கு 16. ஐந்து 25. ஆறு 26.

மூன்றிலும் நான்கிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி சுற்றினேன். 23, 22. வால்வு அல்லது கேஸ்கெட் போயிருந்தால் ஆயில் விட்டும் ஏறியிருக்காது. ஏறுகிறது என்றால் பிஸ்டனைச் சுற்றிய ரிங் தேய்ந்திருக்கிறது. இந்த எஞ்சினில் காற்று நுழையும் வாய் நடுவில். மூன்றும் நான்கும்தான் முதலில் குடிக்கும். தூசியைக் குடித்திருக்கின்றன.

தூசி எப்படிப் போனது? எவனோ ஒரு அறிவு கெட்ட ஜென்மம் ஏர் பில்டரில் கை வைத்திருக்கிறது. யாரென்று தெரியட்டும், இதே ஸ்பேனரால் பேசுகிறேன்.

நாள் 612. பகல் 2:40

பில்டர் டப்பாவைத் திறந்தேன்.

மேலே பஞ்சு விரிப்பு. மூன்று துண்டு, சிவப்பு நூலால் சேர்த்துத் தைத்தது. நெருக்கமான குறுக்குத் தையல். உனக்கு நான் சொல்லிக்கொடுத்த தையல். பஞ்சு, முகமூடிக்குள் இருக்க வேண்டிய பஞ்சு. இங்கே இருப்பதே மூன்று முகமூடிதான். போய்ப் பார்த்தேன். மூன்றும் வெறும் கூடு.

அதற்கடியில் பழைய காகித பில்டர். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, காய்ந்து விறைத்துக் கிடக்கிறது. மூக்கருகே கொண்டுபோனேன்.

சீயக்காய் வாசம்.

நாள் 612. பகல் 3:20

நான்காவது தடவையில் ஸ்டார்ட் ஆனது. நிற்காமல் உதறுகிறது.

உன் பக்கங்களைப் புரட்டினேன். நாள் 599: "காற்று வடிகட்டி கிழிந்திருந்தது. சரிசெய்தேன். காரணம்:" அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. வெறும் இடம். நோட்டு முழுக்க எல்லாவற்றுக்கும் காரணம் எழுதியவள் நீ. பெல்ட் அறுந்ததற்குக்கூட எலி என்று எழுதியிருக்கிறாய்.

நாள் 598 ஆயுத பூஜை. சோப்பு தீர்ந்ததிலிருந்து எதற்கும் சீயக்காய்தான். ஸ்பேனர், கேஜ், டப்பா, மூடி, எல்லாவற்றையும் சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். ஒருத்தரும் கூட வரவில்லை என்று எல்லோரையும் திட்டிக்கொண்டே. அந்தக் காகித பில்டரையும் அலசிப் பிழிந்து, உலர்த்தி, சந்தனப் பொட்டு வைத்து, திரும்ப மாட்டினேன். லாரியில் இருந்தது கம்பிவலை பில்டர். அதை அப்படித்தான் கழுவுவோம். இது காகிதம் என்று கண்ணால் பார்த்தும் கழுவினேன். நான் என்ன கண்டேன், அனுபவமுள்ள நபர்.

நாள் 612. மாலை 4:50

வெளி வலை மறுபடி அடைக்கிறது. எஞ்சின் இழுக்க முடியாமல் முனகுகிறது.

நிரஞ்சன்: "மாற்று வடிகட்டி ஆறு நாளில் வரும். அதுவரை பஞ்சை எடுக்க வேண்டாம்." கொஞ்சம் கழித்து, உத்தரவு இல்லாத குரலில்: "அம்மா, வெளிய போறதுக்கு முகமூடி இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க சார். நீங்க அந்தக் கவனக்குறைவுங்கறத மட்டும் அடிச்சிருங்க."

முகமூடிக்காகப் பஞ்சைப் பிரித்தால் ஒரு மணி நேரத்தில் ரிங் மொத்தமும் போகும். பிரிக்க மாட்டேன். புடவையை நனைத்து நான்கு மடிப்பாக மூக்கில் கட்டியிருக்கிறேன். வலை வரைக்கும் நூற்றுப்பத்து அடி. கோபண்ணனுக்கு நட்டு, பைப், புகை எல்லாம் காட்டிக்கொடுத்துவிட்டேன். மந்தம்தான். ஆனால் கேட்டுக்கொண்டான்.

நாள் 599இல் நீ விட்ட இடத்தில் எழுதிவிட்டேன். "காரணம்: அங்காயி கழுவினாள்."

கடைசியாக வெளியே போன அன்றைக்கு வாசலில் நின்று, "கை ஏம்மா இவ்ளோ சீயக்கா வாசம்?" என்று என் கையைப் பிடித்து முகர்ந்தாயே. தெரிந்துதான் கேட்டாயா, சிட்டு?