மகளுக்குப் போனது

அன்புள்ள சுஜாதாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ஆனந்தராஜும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்குவார்கள், எனக்கு இந்தத் தடவை அது எழுத வரவில்லை கண்ணு. மூக்கண்டப்பள்ளியில் நல்ல மழை, காவேரிப்பட்டினம் தோட்டத்தில் மாமரம் இந்த வருஷம் பூவோடு சரி, அம்மா உடம்பு பரவாயில்லை. போன வாரம் நீ டப்ளினிலிருந்து போன் போட்டு, ஸ்கேனில் பையன் என்று சொல்லிவிட்டார்கள் என்றாயே, அன்றைக்கே அம்மா தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்துவிட்டாள். நான் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு பாத்ரூமுக்குள் போய் நின்றுகொண்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவளும் அந்த போனைத்தான் பார்க்கிறாள், அதனால் உன் தம்பி நவீன் கையில் கொடுத்துக் கூரியரில் அனுப்பச் சொல்கிறேன். எழுத்துக் கோணல் மாணலாக இருந்தால் கோபிக்காதே, பேனா பிடித்தால் கை நடுங்குகிறது.

என் குரல் மூக்கில் வருகிறது என்று நீ கேட்டபோதெல்லாம் ஜலதோஷம் என்று சொன்னேன். ஜலதோஷம் இல்லை. கம்பெனியில் இரண்டு வருஷமாகவே பிரஸ் மிஷின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்க முடியாமல் தொடை இறுக்கிப் பிடிக்கும், மாடிப்படி ஏறக் கைப்பிடியை இழுத்துக்கொண்டு ஏறுவேன், சோறு தொண்டையில் புரையேறும். இன்னொன்று மகளிடம் எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். மார்பு இரண்டும் பெண்களுக்கு மாதிரி வீங்கிவிட்டது. அதனால்தான் கோயிலில் சட்டையைக் கழற்றச் சொல்கிற இடத்துக்கெல்லாம் நான் வராமல் வெளியிலேயே செருப்புக்குக் காவல் இருந்தேன், நீங்கள் அப்பாவுக்குப் பக்தி குறைந்துபோச்சு என்று கிண்டல் செய்தீர்கள்.

என் தாய்மாமன் திம்மராயனை உனக்கு நினைவிருக்கும், கடைசியில் சேரிலேயே தூக்கிக்கொண்டு திரிந்தோம். இதே கை நடுக்கம், இதே பேச்சு. அப்போது ஊரில் எல்லோரும், அது அவங்க வூட்டு சாமி குத்தம், பங்காளிங்களத்தான் புடிக்கும், நமக்கு வேற கொலசாமி என்று சொன்னார்கள், நானும் நம்பினேன். எனக்கே கால் இழுக்க ஆரம்பித்ததும் நவீன்குமாரைப் பார்த்துத்தான் பயந்தேன், வம்சம் அவன்தானே. அவனைக் குலசாமி கோயிலுக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டேன், ஜிம்முக்குப் போகாதே என்றேன். உன்னைப் பற்றி நினைக்கவே இல்லை. நீ ஆனந்தராஜ் வீட்டுக் குலசாமியைக் கும்பிடப் போனவள், தாலி ஏறியதோடு எங்கள் வீட்டு வினை உன்னை விட்டுவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

போன மாதம் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து ஜீன் பார்த்தார்கள். ஆண் ஹார்மோன் என் ரத்தத்தில் குறைவே இல்லையாம். அதை வாங்கி உடம்புக்குள் வேலை நடத்துகிற ஒன்று இருக்கிறது, ரிசெப்டார் என்கிறார்கள், கோளாறு அதில்தான். அதைச் செய்கிற ஜீனில் மூன்றெழுத்துத் துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வருமாம், மற்றவர்களுக்கு இருபது, இருபத்தைந்து தடவை, எனக்கு நாற்பத்தாறு. அது நீண்டுபோனால் ஹார்மோன் வந்தாலும் அரைகுறையாகத்தான் வேலை நடக்கும், ஆர்டர் வந்து கிடக்க மிஷினில் போட ஆள் இல்லாத ஷிஃப்ட் மாதிரி. அதனால்தான் மார்பு வீங்கியது. அது மட்டும் இல்லை, ஹார்மோன் வந்து ஒட்ட ஒட்ட அந்த நீண்ட ரிசெப்டாரே நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிறது. குணமாக்க மருந்து இல்லை. அப்படியானால் நவீனுக்கும் வருமா என்று கேட்டேன். அந்த டாக்டரம்மா கன்னடத்தில், மகனிகெ பரல்ல, மகளிகெ ஹோகுத்தே என்றார், மகனுக்கு வராது, மகளுக்குப் போகும் என்று. அந்த ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறதாம், ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்றுதான், அதை அப்படியே மகளுக்குக் கொடுக்கிறான், மகனுக்குக் கொடுப்பதில்லை. எனக்கு என் அம்மாவிடமிருந்து வந்தது, என்னிடமிருந்து உனக்கு வந்தாகிவிட்டது. வெளியே வந்ததும் நவீன் படியில் உட்கார்ந்து அழுதான். எனக்கு இல்லன்னு எப்படிப்பா சந்தோசப்படறது, அக்காவுக்குப் போச்சே என்றான். அவனுக்கு நிலத்தை எழுதி வைத்தேன், உனக்கு இதைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பயப்படாதே, பெண் உடம்பில் அந்த ஹார்மோன் கொஞ்சம்தான், அதனால் உன்னைப் படுக்கையில் தள்ளாது, கெண்டைக்கால் பிடிப்பு மாதிரி ஏதாவது வரும், அவ்வளவுதான். ஆனால் வயிற்றில் இருக்கிற பையனுக்குப் பாதிக்குப் பாதி. உன் இரண்டு எக்ஸில் எது அவனுக்குப் போயிருக்கிறதோ அதைப் பொறுத்தது, அதைத் தெரிந்துகொள்ள அங்கே டெஸ்ட் இருக்கிறதாம். இந்தக் கடிதத்தோடு என் ரிப்போர்ட்டையும் வைத்திருக்கிறேன், முதலில் மாப்பிள்ளையிடம் காட்டு, அவர் வீட்டார் வேறு யார் வாயாலும் கேட்க வேண்டாம். டெஸ்ட் எடுப்பதா வேண்டாமா, அதற்கு மேல் என்ன என்பது உங்கள் இரண்டு பேர் முடிவு, நான் ஒரு வார்த்தை ஏன் என்று கேட்க மாட்டேன். ஒன்று சொல்கிறேன், இதோடு பிறந்தவன்தான் நானும். ஐம்பது வயது வரைக்கும் எல்லோரையும் போல ஓடினேன், வேலை செய்தேன், உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு சந்தை சுற்றினேன். பிறக்காமல் இருந்திருக்கலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. ஆனால் திம்மராயன் மாமா கடைசிக் காலத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு அதைத்தான் சொன்னார். உன்னிடம் ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிரில் காலுக்குச் சாக்ஸ் போடாமல் நிற்காதே. நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் ஒன்றாக இருக்க வேண்டும், அந்தக் குழந்தைக்கும் அப்பாவின் ஆசீர்வாதம். மறக்காதே, அம்மாவுக்கு என் கால் வலி தெரியும், உன் விஷயம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை போன் போட்டுப் பேரனுக்கு என்ன பேர் வைக்கலாம் என்று ஆரம்பிப்பாள். பேசட்டும், நீ கேட்டுக்கொள். அழுகை வந்தால் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிடு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அப்பா,
வெங்கடப்பன்,
மூக்கண்டப்பள்ளி, ஓசூர்.