விரல் தட்டி நிற்கும் இடம்

நெடுங்கேணி
08.06.2025

அன்புள்ள நேசன்,

நீயும் மலரும் சுகமென்று நம்பி எழுதுகிறேன். எழுதுகிறேன் என்றால், நான் சொல்லச் சொல்லத் தங்கச்சி வடிவம்மா எழுதுகிறாள். எனக்குக் கண்ணில் வெண்படலம். ஷெல்லடி காலத்திலிருந்து காதும் இரைச்சல். போனில் கதைத்தால் உன் குரல் கேட்பதில்லை, முல்லைத்தீவுக் காற்றுத்தான் கேட்கிறது. மூன்று வருடமாக உன்னிடமிருந்து ஒரு எழுத்தும் இல்லை. கருவாடு அனுப்பாவிட்டாலும் ஒரு கடுதாசி அனுப்பலாமே, கஞ்சப்பயலே!

விசயத்துக்கு வருகிறேன். கச்சான் கடலை போட்டது நாங்கள், பிடுங்குவது குரங்கு. மகள் ராஜினி தகரம் அடித்து விரட்டுகிறாள். முதலில் ஓடின. இப்போது வேலியில் வரிசையாக இருந்து மேளக்கச்சேரி கேட்கின்றன. கமக்காரர் அமைப்பில், குரங்கைச் சுட்டு விரட்டக் காற்றுத் துவக்குக்குப் பெயர் பதிகிறார்கள். இரண்டு மாதிரி இருக்காம். ஒன்று, விசையை அழுத்தியதும் வெடிக்கும். மற்றது இரண்டு கட்டமாக வருமாம். அடுத்த மாதம் பதினைந்துக்குள் எது என்று படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பிடிக்கப் போவது ராஜினி.

உன் மாமா கப்பலில் கொண்டுவந்த துவக்கு எந்த மாதிரி? வடிவின் கண்ணை எடுத்த மாதிரி என் வளவுக்குள் வரக்கூடாது. இதை எழுதமாட்டேன் என்றாள். "எழுதடி" என்றேன். எழுதிவிட்டாள்.

உன் நண்பன்,
ராசு

---

முல்லைத்தீவு
17.06.2025

என் அன்பு ராசு,

உன் கடிதத்தைக் கண்டதும் மலர், "ஆர் செத்தது?" என்று கேட்டாள். இந்தக் காலத்தில் கடிதம் என்றால் அப்படித்தான். ஒருவரும் சாகவில்லை, என் தோழன் என்னை ஏசியிருக்கிறான் என்றேன்.

பாலைப்பழம் பழுத்துவிட்டதா அங்கே? அப்பாவின் கருவாட்டுச் சாக்குகளோடு பஸ்ஸில் வந்து, பள்ளிக்கூட விடுமுறை முழுக்க உங்கள் வீட்டில் கிடப்பேனே. உன் அம்மா சுட்ட ரொட்டியும் கட்டச்சம்பலும்! மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எல்லாம் இழந்து வந்த சனம், ஆனாலும் எனக்கு ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை அவா. பாலைப்பழப் பால் உதட்டில் ஒட்டி வாய் திறக்க ஏலாமல் நீ, நான், வடிவு மூன்று பேரும் ஊமைகள் போல இருக்க, அவா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது.

இனி உன் கேள்வி. ஒரே கட்ட விசையில் விரல் வைத்த இடத்திலேயே பாரம் இருக்கும். அசைவு தெரியாது. அழுத்தம் கூடிக்கூடிச் சட்டென்று வெடிக்கும். பழகின கைக்கு அது நல்லது. இரண்டு கட்ட விசை முதலில் இலேசாகப் பின்னுக்கு வரும். பிறகு ஓரிடத்தில் தட்டி நிற்கும். தூண்டிலில் மீன் முகர்ந்து பார்ப்பது விரலுக்குத் தெரியுமல்லவா, அப்படித் தெரியும். அங்கே நிறுத்தி, குறியை இன்னொரு தரம் பார்க்கலாம். வேண்டாம் என்றால் விரலை எடுக்கலாம். மேலும் அழுத்தினால்தான் வெடிக்கும். ராஜினிக்கு அதுதான் நல்லது.

மாமாவின் துவக்கு எந்த மாதிரி என்று ஞாபகம் இல்லை. நாற்பது வருடத்துக்கு மேலாகிவிட்டதே.

அன்புடன்,
மரியநேசன்

---

நெடுங்கேணி
29.06.2025

நேசன்,

உனக்கா ஞாபகம் இல்லை? அந்தத் துவக்கைப் பிள்ளையைப் போலத் துடைத்து வைத்தவன் நீ. என்னைத் தொடவே விடமாட்டாய்.

தொட்டதுதான் பிழை. எண்பத்திரண்டாம் ஆண்டு, இதே பாலைப்பழக் காலம். விசை பாரமாக இருக்கிறது என்று முதல்நாள் திருகாணியைத் தளர்த்தியது நான். மறுநாள் உன் கையில் அது தானாக வெடித்தது. கொப்பின் மறைவில் பழம் பொறுக்கிக்கொண்டு நின்ற பதினாலு வயதுப் பிள்ளையின் கண் போனது. உன்னில் ஒரு குற்றமும் இல்லை. அம்மா தொண்ணூற்று நாலில் சாகும் வரைக்கும் என் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நாளிலும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டா.

வடிவு பேனையை வைத்துவிட்டு, "விடு அண்ணே" என்கிறாள். எப்படி விடுவது? என் வீட்டில் இன்னொரு பிள்ளை துவக்கைத் தொடப் போகிறாள். நான் கெடுத்தது எந்த மாதிரி விசை என்று தெரியாமல் படிவத்தில் கைவைக்க மாட்டேன். கச்சான் முழுவதும் குரங்குக்குப் போனாலும் போகட்டும். நன்றாக யோசித்து எழுது.

ராசு

---

முல்லைத்தீவு
06.07.2025

ராசு,

வடிவு, நீதான் இதை வாசிக்கப் போகிறாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். நிறுத்தாமல் அவனுக்கு வாசி.

மாமாவின் துவக்கு இரண்டு கட்ட விசை. எனக்கு ஒருநாளும் அது மறந்ததில்லை. நீ தளர்த்திய திருகாணியை அன்று விடியவே நான் கண்டுபிடித்து, பழையபடி இறுக்கிவிட்டேன். என் துவக்கில் கைவைத்துவிட்டான் என்று உன்னில் கோபம். ஆனால் உன்னிடம் சொல்லவில்லை.

அன்று நீ உன் கவணால் மூன்று பச்சைப்புறா விழுத்தியிருந்தாய். துவக்கு வைத்திருந்த நான் ஒன்றும் விழுத்தவில்லை. கொப்பு அசைந்தது. விரல் தட்டி நின்றது, ராசு. நின்றது. அது புறாதானா என்று எனக்கு நிச்சயமில்லை. 'பார், பார்' என்று மனம் சொன்னது. பார்த்துக்கொண்டிருந்தால் நீ நாலாவதையும் விழுத்திவிடுவாய் என்று அழுத்தினேன்.

"தானா வெடிச்சிட்டுது" என்று கத்தியது நான். "நான்தான் திருகாணியைத் தளத்தினனான்" என்று நீ ஓடிப்போய் அம்மாவின் காலில் விழுந்தாய். இல்லை, நான் இறுக்கிவிட்டேன் என்று ஒரு சொல் சொல்ல வேண்டியிருந்தது. அன்று வாய் வரவில்லை. மறுநாள் இன்னும் கடினமாக இருந்தது. பிறகு சண்டை, ஓட்டம், இத்தனை சாவு. இதைப் போய் இப்போது கதைப்பதா என்று எனக்கு நானே சாட்டுச் சொன்னேன். ஒரு தவக்காலத்தில் பங்குச் சாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "உரியவனிட்டப் போய்ச் சொல்லு" என்றார். அடுத்த வருடம் வேறு பங்குக் கோயிலுக்குப் போனேன், அவர் முகத்தில் முழிக்க ஏலாமல். அவ்வளவு கோழை நான்.

நீ ஒன்றையும் கெடுக்கவில்லை. இரண்டு கட்ட விசையையே எடு. அதில் குற்றமில்லை.

மரியநேசன்

---

நெடுங்கேணி
20.07.2025

நேசண்ணா,

இதை அண்ணன் சொல்லி எழுதவில்லை. நானே எழுதுகிறேன்.

'நிறுத்தாமல் வாசி' என்ற இடத்திலேயே நிறுத்திவிட்டேன். "கடிதத்தில என்ன?" என்று அண்ணன் கேட்க, "சும்மா சுகம் விசாரிப்பு" என்று பொய் சொல்லி, அலுமாரியில் இரண்டு நாள் வைத்திருந்தேன். மூன்றாம் நாள்தான் அவருக்கு வாசித்தேன். திருகாணியை இறுக்கின வரியைத் திரும்ப வாசி என்றார். வாசித்தேன். இன்னொரு தரம் என்றார். ஐந்து தரம் வாசித்திருப்பேன்.

பிறகு கேட்டார்: "அம்மான்ர பாடையை முன்னுக்குத் தூக்கினது நானும் அவனும்தானேடி?"

"ஓம் அண்ணே."

"அண்டைக்கு என்ர தோளில கை போட்டு, 'அம்மா உன்னை மன்னிச்சிருப்பா'ண்டு சொன்னவன்" என்றார். அதற்குப் பிறகு வாய்விட்டு அழுதார். அறுபது வயது மனிசன் அப்படி அழுது நான் கண்டதில்லை. ராஜினி பயந்துபோனாள்.

என் கண்ணுக்காக உங்களில் எனக்குக் கோபமில்லை. தானாக வெடித்தாலும் நீங்கள் சுட்டாலும் போன கண் போனதுதான். அதை நான் மன்னித்துவிட்டேன், மன்னிக்கிற உரிமையும் எனக்குத்தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருடமும் அண்ணன் என்னோடு கதைக்க வந்தால், கண் இல்லாத பக்கமாகத்தான் வந்து நிற்பார். நான் திரும்பினால் தானும் நகர்ந்துவிடுவார். அது எனக்குப் பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அன்று கதிரையை இழுத்து எனக்கு நேர் முன்னால் போட்டு இருந்தார். என் முகத்தைப் பார்த்தார். "நீ அம்மா மாதிரியே இருக்கிறாய் வடிவு" என்றார். வெண்படலம் மூடினதுக்குப் பிறகுதான் அவருக்குப் பார்க்கக் கிடைத்தது, நேசண்ணா. அதற்கு உங்களை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

படிவத்தில் இரண்டு கட்ட விசை என்று எழுதிக் கொடுத்தாயிற்று. நேசண்ணாவுக்கு என்ன எழுதுவது என்று கேட்டேன். "ஒண்டும் இல்லை" என்றார்.

இனி உங்கள் கடிதம் வந்தால், அண்ணன் கேட்டால்தான் உடைப்பேன். கேளுங்கோ என்று நான் அவருக்குச் சொல்ல மாட்டேன்.

வடிவம்மா