எல்ட்ஸ் கோட்டை முற்றத்தில் யோகமலர்

ஜூன் 29, ஞாயிறு. மில்லிக்கன்

பேத்தி சிவானியின் கலியாணக் கார்ட் வந்துவிட்டது. ஆவணியில் கலியாணம். மகள் ரதி மேசையில் பரப்பி வைத்துப் பெயர் எழுதினாள். ஜெர்மனியில் இருக்கிற என் தங்கச்சி யோகமலரின் பெயரையும் எழுதினாள்.

"நீங்கள் வாயால ஒருக்காச் சொன்னால்தான் சின்னம்மா வருவா. அவ இல்லாமல் என்ர பிள்ளைக்குக் கலியாணமோ அம்மா?"

நான் எழும்பி வந்துவிட்டேன்.

தன் மகன் கீதனின் கலியாணத்தை யோகமலர் எனக்கு எங்கே வைத்துச் சொன்னவள்? இங்கே வந்து நின்றபோது, றிச்மண்ட் ஹில் கோயிலில், செருப்புக் கழற்றுகிற இடத்தில். பச்சைச் சேலை, கையில் அருச்சனைத் தட்டு. "கட்டாயம் வாங்கோ அக்கா." கலியாணம் என்றால் வீடு தேடி வந்து, இருந்து, தேத்தண்ணி குடித்துச் சொல்ல வேண்டும். கூடப்பிறந்தவளுக்கு றோட்டில் வைத்தா சொல்வது? நான் போகவில்லை. பிறகு அவள் போன் எடுத்தபோதெல்லாம் வைத்துவிட்டேன். கீதனின் மூத்தது இப்போது ஹைஸ்கூல் போகிறதாம்.

ஜூலை 2

மருமகன் எல்லோரையும் ஜெர்மனிக்குக் கூட்டிப்போகிறாராம். கொலோனில் அவருடைய தமையன் பொன்னம்பலம் வீட்டுக்கு. எனக்கு விளங்காதா?

ஜூலை 11. கொலோன்

நினைத்தது சரி. நாளைக்குக் கோட்டை பார்க்கப் போகிறோமாம், யோகமலரும் வருவாளாம்.

"அவவின்ர வீட்டு வாசல் மிதிக்கமாட்டியள். கோட்டைக்கு வரலாம்தானே" என்கிறாள் ரதி.

போவேன். கதைக்க மாட்டேன்.

ஜூலை 12, சனி

காட்டுக்கு நடுவில், பாறைக்கு மேலே அந்தக் கோட்டை. எல்ட்ஸ் என்று பெயர். உள்ளே படிகள் அதிகம். இளசுகள் போய்விட்டார்கள். முழங்கால் ஏலாத நானும் யோகமலரும் முற்றத்தில். எல்லாம் ரதியின் வேலை.

சகோதரர்கள் மூன்று பேர் பங்கு பிரித்து, ஒரே முற்றத்தைச் சுற்றித் தனித்தனிக் குடும்பமாக இருந்த கோட்டையாம். போகும்போது சிவானி சொன்னாள்.

"முழங்கால் எப்பிடி அக்கா?"

நான் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இவையளும் எங்களை மாதிரிக் கதைக்காமல் இருந்திருப்பினமோ?"

"முற்றம் ஒண்டு. கதைக்காமல் எப்பிடிச் சீவிக்கிறது?" வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

அதைப் பிடித்துக்கொண்டாள். "கீதன்ர கலியாணம் சொல்ல வந்த அண்டைக்கு நான் வெக்ஸ்போர்ட்டில மச்சாள் வீட்டிலதான் நிண்டனான். அக்கா வீட்டை ஒருக்கா விடுங்கோ எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டன். கோயிலில காணலாம்தானே எண்டிட்டினம். ஆற்றையோ கார், என்ரயோ? நான் என்ன செய்ய?"

"பஸ் ஓடேல்லையோ?"

"நீங்கள் எந்தக் காலம் பஸ் ஏறினீங்கள்?"

"உதை ஏன் அப்பவே சொல்லேல்லை?"

"சொல்ல விட்டியளோ? போனை வச்சிட்டியள்."

அவள் கோட்டைச் சுவரை அண்ணாந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். "இதுவும் ஆற்றையோ வீடுதான். இப்பவும் அதே குடும்பத்துக்குத்தான் சொந்தமாம். சிவானியின்ர கலியாணத்தை இஞ்சை வச்சுச் சொன்னால் றோட்டுக் கணக்கில வராது அக்கா."

"உன்ர வீடில்லையே" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. அவளைக் கொண்டுவந்த கீதன் தன் காரில் கூட்டிப்போனான்.

திரும்பும்போது பொன்னம்பலத்தின் காரில் முன் சீற்றில் இருந்தேன். யோகமலர் வீடு கோப்ளென்ஸில். நாங்கள் போகிற வழியில்லை. காலையிலிருந்து ஓடுகிறார், மனுசன் களைத்துப்போனார். அவள் வீட்டுக்கே போய்ச் சொல்ல, அங்கே விடச் சொல்லிக் கேட்க வேண்டும் — வாய் வரவில்லை. ஒருவர் தன் காரில் கூட்டிக்கொண்டு திரிய, இங்கே விடு அங்கே விடு என்று எப்படிக் கேட்கிறது? பெற்றோல் அவருடையது, களைப்பு அவருடையது. அப்போதுதான் யோகமலர் அந்த வெக்ஸ்போர்ட் வீட்டில் நின்று கெஞ்சினது எனக்குக் கேட்டது.

"தம்பி, குறை நினையாதேங்கோ. கோப்ளென்ஸில ஒருக்கா விடுவீங்களோ?"

பொன்னம்பலம் அடுத்த வளைவில் காரைத் திருப்பினார்.

ஜூலை 13

சொன்னேன். நேற்றே அவளுடைய கதிரையில் இருந்து, அவளுடைய தேத்தண்ணியைக் குடித்துக் கலியாணத்தைச் சொன்னேன். சீனி அள்ளிக் கொட்டியிருந்தாள். பச்சைச் சேலையை மறக்கமாட்டேன். அது வேறு.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. மில்லிக்கன்

யோகமலர் வந்து மூன்று நாள். என் அறையில்தான் படுக்கிறாள், நல்ல குறட்டை. இன்றைக்கு ரதி கார் ஓட, இரண்டு பேரும் வீடு வீடாகக் கலியாணம் சொல்லப் போனோம். முதலில் ஜெயமலர் ரீச்சர் வீடு. கதவு திறந்ததும் நான் வாய் எடுக்கமுன்னம் யோகமலர் சொல்லிவிட்டாள். "எங்கட பேத்திக்குக் கலியாணம், கட்டாயம் வரோணும்."

மூத்தவள் நான் நிற்க அவள் முந்தினது சரியில்லை. காரில் ஏறியதும் சொன்னேன்.

"அப்ப அடுத்த வீட்டில நீங்கள் சொல்லுங்கோ" என்றாள்.

அடுத்த வீட்டில் நான் சொன்னேன். எனக்கும் "எங்கட பேத்தி" என்றுதான் வந்தது.