அரிசித் தராசில் உன் பெட்டி

காலையில் புழுங்கலரிசி மூட்டையைப் பிரித்தேன். அந்த வாசனையில், அக்கா, நீ தும்மிக்கொண்டே கடைப்படி ஏறுவதுபோல் இருந்தது. உன் தும்மலை வைத்தே பெரியப்பா மகள் வந்தாச்சென்று சாலைக் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிடுமே.

வந்தது பாத்திரக்கடை அண்ணன். துபாய் போகிறான், பெட்டியை நிறுக்க வேண்டும். இந்தத் தெருவில் யார் வெளிநாடு போனாலும் நம் தராசில் ஏறிவிட்டுத்தானே விமானம் ஏறுவார்கள்?

முன்பொருநாள் உன் பெட்டியும் ஏறியது. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் என்ஜினியர் வேலை. மூட்டைக்குப் பின்னால் நின்று தராசின் ஓரத்தைக் கால் பெருவிரலால் அழுத்தினேன். எடை கூடியது. ஊறுகாயை எடுத்தாய். பிறகு நேந்திரங்காய் உப்பேரி, சேலைகள், பெரியம்மா திணித்த சுவெட்டர். சிங்கப்பூருக்குச் சுவெட்டர்! பெட்டி காலியாகும்போது என் முழுக்காலும் தராசில் இருந்தது.

"ஏலே, காலை எடுலே!" அப்பா கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். நீ பெட்டியைத் திரும்ப அடுக்கவேயில்லை.

"இவன் கால் முதல்லயே தெரியும் சித்தப்பா. ஒவ்வொண்ணா எடுக்க எடுக்க நல்லா இருந்துது, கேட்டியளா. நான் போகல்ல."

பெரியம்மா ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. பிறகு பக்கத்திலேயே விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. அறைக்குள் திரையைப் பார்த்தபடி, கடலோரம் கழுத்து நீட்டி நிற்கும் கிரேன்களை நீ அசைப்பாய்.

"ஒட்டகச்சிவிங்கி மேய்ச்சாச்சா?" என்பேன்.

"மேய்ச்சாச்சு. கூட்டத்துல வால் ஒண்ணு குறையுது. இங்க வேலைக்கு நீ வாறியா?"

சாயங்கால வெயிலில் அவை பெட்டிகளை மேகத்திலிருந்து இறக்குவதுபோல் தெரியும்.

காய்ச்சலென்று படுத்தாய்; எழவில்லை. சாவு வீட்டில் யாரோ, "சிங்கப்பூர் போயிருந்தா பிழைச்சிருப்பா" என்றார்கள். பெரியம்மாதான் நிமிர்ந்தாள். "போயிருந்தா, இத்தனை நாள் என் கையால சாப்பிட்டிருப்பாளா?"

இன்று அண்ணன் பெட்டியை வைத்ததும் என் கால் தானாக நீண்டது. அவன் முகத்தைப் பார்த்தேன். அப்போதே துபாயில் இறங்கிவிட்ட முகம். உன் முகம் அன்று அப்படி இல்லை. காலை இழுத்துக்கொண்டேன். சரியான எடை. சிரித்துக்கொண்டே போனான்.

என் பெட்டியும் ஒருநாள் இதில் ஏறும் என்று அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். ஏறட்டும். அன்று மூட்டைக்குப் பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள். என் காலை நானேதான் வைக்க வேண்டும். வைப்பேன் என்றுதான் தோன்றுகிறது, அக்கா. உன் ஒட்டகச்சிவிங்கிக் கூட்டத்தில் வால் இன்னும் குறைகிறதே.