கிடங்குக் கூரையில் ஆந்தை

அன்புள்ள அம்மா,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா? மாத்திரையை நிறுத்திவிடாதே.

எங்கள் கிடங்கு சூப்பர்வைசர் என் முழியைப் பார்த்து, எல்லோர் முன்னாலும் “டேய் ஆந்தை!” என்று கத்துவான் என்று சொன்னேனே, அவனுக்கு வைத்தேன் ஆப்பு. கிடங்குக் கூரையில் நிஜ ஆந்தையே குஞ்சு பொரித்திருக்கிறது. கூட்டைக் கலைக்கச் சொன்னான். நான் நேராகப் போய் இந்த ஊர் வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தில் சேர்ந்து, அவர்களைக் கையோடு கூட்டிவந்துவிட்டேன். குஞ்சுகள் பறக்கும்வரை கூட்டைத் தொடக் கூடாது, கீழே யாரும் கத்தவும் கூடாது என்று முதலாளியிடமே சொல்லிவிட்டார்கள். காவலுக்கு நான்தான்.

நேற்று பழக்கதோஷத்தில் “டேய் ஆ...” என்று ஆரம்பித்தான். நான் உதட்டில் விரலை வைத்து, “மெதுவா சார், மேல ஆந்தை தூங்குது” என்றேன். கிடங்கே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அவன் பூனை நடை போட்டு வெளியே போய்விட்டான். இந்தச் சங்கத்தை இனி ஜென்மத்துக்கும் விடமாட்டேன். அடுத்த வருஷமும் ஆந்தை இங்கேயே கூடு கட்ட வேண்டும் என்று வேண்டிக்கொள்.

ஒன்றுதான் குறை. அவனும் கத்தாததால் இங்கே என்னைக் கூப்பிட ஆளே இல்லை. அடுத்த தடவை போனில், எடுத்ததும் “சாப்பிட்டியா” என்று கேட்காதே. முதலில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. சத்தமாகக் கூப்பிடு.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகன்